எப்போ நனைஞ்சிது?

எட்டரை மணி பஸ் வரும் நேரத்தில் சிஸ்டர் ஜன்னலை விட்டு நகரமாட்டார். அப்போது யார் பேசினாலும் காதில் ஏறாது. தவுவாவிலிருந்து வட்டுகோலாவுக்கு மேடேறும் அந்தப் பஸ் எங்கள் சின்ன ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்சம் நிற்கும். இறங்குகிறவர்கள் எந்தக் காலை முதலில் தரையில் வைக்கிறார்கள் என்று பார்ப்பார். "அந்தப் பச்சை சட்டைக்காரருக்கு வலது காலு. வெரலு இல்ல, குதி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பச்சைச் சட்டைக்காரர் உள்ளே வந்து தலைவலி என்று சொல்லி பெஞ்சில் உட்காருவார். அன்று பகலுக்குள் அவருடைய வலது குதிகாலுக்கு நாங்கள் கட்டுப் போட்டுக்கொண்டிருப்போம்.

சிஸ்டருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை, அதனால் இங்கேயும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குள்ளும் வெளியிலும் அவர் சிஸ்டர்தான். என் கணவர் அந்தத் தீவின் தங்கச் சுரங்கத்தில் எஞ்சினியராக ஒப்பந்த வேலைக்கு வந்தார். நான் பாளையங்கோட்டையில் நர்ஸிங் படித்தவள். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த ஊர்க்காரர்கள் நர்ஸை 'நாசி' என்பார்கள். முதல் மாதம் முழுக்க யாராவது நாசி என்று கூப்பிட்டால் என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சிஸ்டருக்கு அதில் அப்படி ஒரு சிரிப்பு.

அவருடைய தமிழ், அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட வந்த அவருடைய முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த தமிழ். அதற்குள் ஹிந்தி ஒரு பாதி புகுந்திருந்தது. அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அதனால் என்னைக் கண்டால் விடமாட்டார். ஆனால் பேச்சுத் துணை என்று நினைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தால் அவ்வளவுதான், கேள்வியில் மாட்டிக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். இலை கிடைக்காமல் தட்டில்தான் பரிமாறினேன். "சாம்பார் நல்லா இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார். இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் ஆமான்னுதாம்மா சொல்லுவேன். ஒரு வூட்டுல தட்டு முன்னாடி உக்காந்துகினு வேற இன்னா சொல்றது? எது தூக்கலுன்னு கேளு."

"எது தூக்கல்?"

"உப்பு" என்றார். என் கணவருக்குப் புரையேறியது. அவர் அதுவரை எல்லா நாளும் நல்லாயிருக்கு என்று சொன்னவர்.

சிஸ்டரிடம் இருந்தது இந்த ஒரு பிடிவாதம்தான். ஆமாம் என்று பதில் வரக்கூடிய கேள்வியை அவர் கேட்கமாட்டார், எங்களையும் கேட்க விடமாட்டார். "அது கேள்வி இல்ல, மரியாதை. மரியாதைக்கு மரியாதைதான் திரும்பி வரும்" என்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிராளி பதில் சொல்லும்வரை புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியைச் சதுரம் சதுரமாக மடித்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமலே பலர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். என் மாமியாரோடு எனக்கு என்ன பிரச்சினை என்பதை நானும் அப்படித்தான் சொல்லித் தொலைத்தேன்.

பிறவியிலேயே அவர் அப்படி இல்லை. அப்படி ஆன கதையில் நானும் கூடவே இருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம், புறநோயாளிகள் போன பிறகு, நர்ஸுகளை உட்காரவைத்து ஆராய்ச்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் ஆஸ்திரேலியாவில் அதைப் படித்துவிட்டு வந்தவர். அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தார். எனக்கு ஆராய்ச்சி என்றால் எலியும் கண்ணாடிக் குழாயும்தான். "நான் புருஷனோட வந்தவ சிஸ்டர், ஒப்பந்தம் முடிஞ்சா போயிடுவேன். எனக்கு எதுக்கு?" என்று நழுவப் பார்த்தேன்.

"எல்லாரும் போறவங்கதான். உக்காரு" என்றார்.

தலைநகர் சுவாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் பக்கம் வருவதுண்டு. ஜீப்பில் வருவார்கள், கேட்பார்கள், படம் எடுப்பார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் எங்களுக்கு வந்து சேராது. சிஸ்டருக்கு அது உறுத்தல். "நம்ம ஜனங்க காலு. அத்தப் பத்தி தெனம் கட்டு போடுற நாமதான் கேக்கணும்" என்பார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி காலைப் பற்றியதுதான். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலில் புண்ணோடு வருவார்கள். நாலைந்து தரம் கட்டுப் போட்டுக்கொள்வார்கள். பிறகு ஆளைக் காணோம். திரும்பி வரும்போது லவுட்டோகா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டியிருக்கும். அங்கே காலை எடுத்துவிடுவார்கள். ஏன் பாதியில் நிற்கிறார்கள்? இது தெரிந்தால் பாதிக் கால்களைக் காப்பாற்றலாம் என்றார்.

மூன்று பேர் கிளம்பினோம். லித்தியா அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். தன் ஜனங்களின் கிராமங்களுக்கு அவள் போனாள். அங்கே சும்மா போய்க் கதவைத் தட்ட முடியாது. இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரைக் கட்டாகக் கொண்டுபோய்த் தலைவர் முன் வைத்து, வந்த காரியத்தைச் சொல்லி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம். சுனிதாவும் நானும் கரும்புக்காரர்களின் குடியிருப்புகளுக்குப் போனோம். எங்களுக்கு யங்கோனா செலவில்லை, ஆனால் வீட்டுக்கு வீடு பால் டீ. ஆஸ்பத்திரியில் நன்றாகக் கவனிக்கிறார்களா என்று கேட்டோம். ஆமாம். கட்டுப் போடுவது திருப்தியா? ஆமாம். இனி ஒழுங்காக வருவீர்களா? ஆமாம். கிராமத்திலும் அதே பதில்தான், அவர்கள் பாஷையில் 'இயோ'. விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வது இரண்டு ஜனத்துக்குமே வராது. நாங்கள் மூவரும் ஒரே சந்தோஷமாகத் திரும்பி வந்தோம்.

சிஸ்டர் எல்லாத் தாளையும் படித்தார். "இவ்ளோ நல்ல ஆஸ்பத்திரி. இன்னாத்துக்கு காலு மட்டும் போவுது?" என்றார். லித்தியாவுக்காக ஹிந்தியிலும் சொன்னார். லித்தியா சிரித்தாள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. பல வியாழக்கிழமைகள் எங்களுக்குள்ளேயே கேட்டுப் பழகினோம். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கக்கூடாது, சீசாவில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவேண்டும். வலிக்கிறதா என்று கேட்கக்கூடாது, கடைசியாக எப்போது வலித்தது. "கேட்டுட்டு பேசாத இரு. அவங்க முழுங்கினத வெளிய எடுக்க டைம் குடு." சும்மா இருப்பது எனக்குத்தான் பெரும்பாடு. திருநெல்வேலிக்காரிக்கு அதெல்லாம் பழக்கமா? கையில் காஸைக் கொடுத்து மடிக்கச் சொன்னார்.

இரண்டாம் சுற்றில் என்னோடு அவரே வந்தார். ஓடையைத் தாண்டி மேட்டில் முனசாமி என்ற பெரியவர் வீடு. கரும்பு வெட்டியே முதுகு வளைந்தவர், தமிழ் பேசுவார். கட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் நின்றுபோய்விட்டார். காலை ஒரு சாக்குக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு எங்களை வரவேற்றார்.

"கடைசியா கட்டு போட வந்தீங்களே மாமா, அன்னிக்கு இன்னா நடந்துச்சி?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஒன்னியும் நடக்கல."

சிஸ்டர் பையிலிருந்து காஸை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நாய் ஒன்று வந்து எங்களை மோந்துவிட்டுப் போனது. பெரியவரின் சம்சாரம் டீ கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது. எனக்கு நாக்கு நமநமத்தது.

"கட்ட நனைக்காம வெச்சிருந்தியான்னு கேட்டாங்க" என்றார் பெரியவர், சாக்கைப் பார்த்துக்கொண்டே. "ஆமான்னேன். அவுத்துப் பாத்தா உள்ள சேறு. பொய் சொல்ற வயசா இதுன்னு திட்டு. பெஞ்சி நெறைய ஆளு, எல்லாம் பாக்கறாங்க. வெடிகாலைல கரும்புக்குள்ள எறங்குனா பனியே முட்டி வரைக்கும் ஈரம். எப்பிடிம்மா நனையாத இருக்கும்? நனைஞ்சிதுன்னா திட்டு, நனையலன்னா பொய்யி. அதான் வர்றதில்ல."

"யாரு கேட்டது?"

"நீதாம்மா கேட்ட."

"அச்சா" என்றார் சிஸ்டர். மடித்த காஸைப் பைக்குள் வைத்தார். "சாக்க எடுங்க மாமா, பாக்கலாம்."

அவருக்கு அவமானமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியில் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் ஏறும்போது, "செருப்புல சேறு, தட்டிக்கினு ஏறு" என்றார். அவ்வளவுதான்.

லித்தியா கொண்டுவந்ததும் அதுவே. கிராமத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடிப்பவர்கள். கட்டு நனையாமல் இருந்ததா என்ற கேள்வி எந்த நாளில் வந்ததோ அதற்கு மறுநாளிலிருந்து அவர்கள் வரவில்லை. காலை வாங்கியதில் பாதிப் பங்கு எங்கள் வாய்க்கு. அடுத்த திங்கட்கிழமை சிஸ்டர் கட்டுப் போடும் அறையில் எங்களை நிற்கவைத்து, இனிமேல் நனைத்தாயா என்று யாரும் கேட்கக்கூடாது, "எப்போ நனைஞ்சிது?" என்றுதான் கேட்கவேண்டும் என்றார். எல்லாருடைய கட்டும் நனையும், அது சகஜம் என்கிற குரலில் கேட்கவேண்டும். முதல் ஆளே, "நேத்து சாயங்காலம், ஆத்துல" என்று சட்டென்று சொல்லிவிட்டார். நான் ஈரக் கட்டை அவிழ்த்தேன், யாரும் யாரையும் திட்டவில்லை.

பெஞ்சில் கூட்டம் கூடியது. காஸ் செலவாகிறது என்று டாக்டர் முணுமுணுத்தார். முனசாமி மாமா இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுக் காலைத் தக்கவைத்துக்கொண்டார். லவுட்டோகாவில் நர்ஸுகள் கூட்டத்தில் இதைப் படிக்கச் சொன்னார்கள். சிஸ்டர் தான் போகாமல் லித்தியாவை மேடையேற்றினார். எங்கள் கேள்விதான் அவர்களை விரட்டியது என்று லித்தியா ஆரம்பித்ததும் கூட்டம் கப்சிப் ஆனது.

அது நடந்து கொஞ்ச நாளில், இந்திய வம்சத்தவர் ஒருவர் பிரதமரானது பிடிக்காதவர்கள் சுவாவில் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து அவரையும் மந்திரிகளையும் பிடித்துவைத்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். எங்கள் பக்கம் துப்பாக்கி வரவில்லை, ரேடியோ வந்தது. கேட்டோம். கேட்டுக்கொண்டே காஸ் மடித்தோம். "எம்பத்தேழுல ரெண்டு வாட்டி. இது மூணாவது" என்றார் சிஸ்டர், மழை வந்ததைச் சொல்வதுபோல. ஊரடங்கு என்றார்கள், பஸ் இருந்த நாளில் ஜனங்கள் கட்டுக்கு வந்தார்கள். ஆணி ஏறினாலும் தெரியாத கால்களை நாங்கள் தினமும் பார்க்கிறவர்கள். அந்த மாதங்களில் எங்களுக்கு உடம்பே அப்படி ஆகியிருந்தது. பயமா என்றால் பயமில்லை. அழுகையும் வரவில்லை.

பிறகு நர்ஸுகள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். போகப்போகிறாயா என்று சிஸ்டர் யாரையும் கேட்கவில்லை. "எந்த மாசம்?" என்று கேட்பார். சுனிதாவைக் கேட்டபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. சிஸ்டர் மடித்துக்கொண்டிருந்தார்.

"நவம்பர், சிஸ்டர்."

"அச்சா. அதுக்குள்ள தனியா ஒரு கேள்வி எடுத்து செஞ்சி முடி. ஆக்லாந்துல அத்தக் கேப்பாங்க."

கேட்கவும் செய்தார்கள். ஆராய்ச்சி தெரிந்த நர்ஸ் என்றால் அங்கே கை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள் என்ற விஷயம் பரவியதும் வியாழக்கிழமை வகுப்புக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். மேலதிகாரி ஒருவர் வந்து, "நர்ஸ் பயிற்சியா, பாஸ்போர்ட் ஆபீஸா சிஸ்டர்?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட இல்லை. "கத்துக் குடுத்தாலும் போறாங்க, குடுக்காட்டியும் போறாங்க. கத்துக்கினு போவட்டும். இந்த ரூம்ல எப்போ நனைஞ்சிதுன்னு கேக்க ஒருத்தி மிஞ்சினா போதும். ஒருத்தியும் இல்லன்னா, பழையபடி பொய்யும் திட்டும்தான், அப்பால லவுட்டோகாதான்."

அந்த ஒருத்தி லித்தியாதான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அவளை யார் விரட்டப்போகிறார்கள், அவளுடைய மண். ஆனால் மூன்று பிள்ளைகள், புருஷனுக்கு ஓட்டலில் வேலை போய்விட்டது. ஓட்டலுக்கு வர வெள்ளைக்காரர்கள் இல்லை. "எந்த மாசம்?" என்று சிஸ்டர் கேட்டதும் லித்தியா அவர் மடியில் தலையை வைத்து அழுதாள். சிஸ்டர் அவள் தலைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் காஸை இழுத்தார். ஒரு கையால் மடிக்க வரவில்லை. அப்படியே வைத்துவிட்டார்.

யாரையும் வழியனுப்ப அவர் போனதில்லை. நாந்தி ஏர்போர்ட்டில் மாலை போட்டுப் பாடி அழுவார்கள். சிஸ்டர் ஜன்னலில் நிற்பார். "நான் நாந்தி போயிட்டா இங்க பஸ்ஸுக்கு யாரு?" என்பார்.

லித்தியா போன பிறகு அந்த அறையில் பழைய ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சிஸ்டர் குடும்பத்துக் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்திருந்தது, நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் திரும்ப எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய வீட்டுக்காரர் ஆக்லாந்தில் பிள்ளை வீட்டுக்குச் சும்மா பார்க்கப் போகிறேன் என்று போனவர் வரவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். என் கணவரின் ஒப்பந்தத்தை அப்போதுதான் நீட்டித்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம், மடித்த காஸை டப்பாவில் அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"சிஸ்டர், நீங்க இங்கதான இருப்பீங்க?"

எந்த மாசம் என்று கேட்க எனக்குத் தெரியாதா? அவரிடமே படித்தவள் நான். ஆனால் எனக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை, ஆமாம்தான் வேண்டியிருந்தது.

அவர் கை நிற்கவில்லை. "ஆமாம்மா" என்றார். "எங்க போறது?"

சாம்பார் நன்றாயிருக்கிறது என்று சொன்ன அதே குரல். மிச்சத்தை அடுக்கி முடித்து டப்பாவை மூடினோம்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை ஜன்னலில் அவர் இல்லை. வெள்ளிக்கிழமை வேலையை முடித்துக்கொண்டு சனிக்கிழமை விமானம் ஏறிவிட்டார் என்று டாக்டர்தான் சொன்னார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு வார்த்தை இல்லை. டப்பாக்களில் மட்டும் மூடி மூடாத அளவுக்கு மடித்த காஸ். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. பஸ் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனேன், வேறு யார் இருந்தார்கள்?

அப்படியே மாதங்கள் போயின. புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வியாழக்கிழமைகளில் அவர்களை உட்காரவைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சர்க்கரைக் கால்மாதிரி, நடந்துகொண்டுதான் இருந்தேன், தரை தெரியவில்லை.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரி போனில் அவர்.

"இன்னாம்மா, காலைல இன்னா சாப்ட்ட?"

"இட்லி சிஸ்டர். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"ஆமா ஆமா. நல்லா கீறேன்."

"ஊர் பிடிச்சிருக்கா?"

"ஆமா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். மேஜையில் காஸ் இருந்தது. "காலைல எந்திரிச்சு என்ன செய்றீங்க சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு மடிக்க ஆரம்பித்தேன்.

போனில் இரைச்சல் மட்டும் வந்தது. நான் பேசவில்லை. மடித்துக்கொண்டிருந்தேன்.

"பையனும் மருமவளும் வேலைக்குப் போயிடுவாங்க" என்றார் கடைசியில். "ஜன்னலாண்ட நிப்பேன். எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்பு. ஆளுங்க எறங்குவாங்க. பாத்துக்கினே இருப்பேன். எல்லாரும் நல்லா நடக்கறாங்கம்மா."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு எங்கேயோ சுருக்கென்று வலித்தது. கண் நிறைந்து கையிலிருந்த காஸ் நனைந்தது. அதை ஒதுக்கி வைத்தேன், நனைந்ததைப் புண்ணில் வைக்க முடியாது.

வெளியே மேட்டில் பஸ் இரைந்துகொண்டு ஏறும் சத்தம். அது அவருக்கும் கேட்டிருக்கும்.

"யாரு எறங்குறா?" என்றார்.

ஜன்னலுக்குப் போனேன். போன் ஒயர் அதுவரை எட்டியது. "ஒரு அம்மா. நீலப் பாவாடை. இடது காலு சிஸ்டர்."

"வெரலா, குதியா?"

"இருங்க, இன்னும் ரெண்டு எட்டு நடக்கட்டும்" என்றேன்.